வெல்லம் நோயாளிக்கு

வெல்டிங் பட்டறைக்காரனுக்கு அக்கா புருஷன் மேல் பல வருஷமாக ஒரு வயிற்றெரிச்சல். கஷாயம் குடித்ததெல்லாம் இவன். வெல்லக்கட்டியைத் தின்றதெல்லாம் அந்த மனுஷன்.

மாமாவுக்கு மெத்தைக் கடை. காலமெல்லாம் பஞ்சு அடித்து அடித்து, நெஞ்சுக்குள்ளேயும் ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தார். நாலு படி ஏறினால் பழைய துருத்தி மாதிரி இரைக்கும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஒழுங்காக இழுத்துவிடுவார், அதில் தகராறே இல்லை. அக்காவின் கஷாயம்தான் எமன். ஆடாதொடை இலை, தூதுவளை, திப்பிலி எல்லாம் போட்டுச் சுண்டக் காய்ச்சி, காலையில் கடைக்கே கொண்டு வந்துவிடுவாள். கூடவே ஒரு வெல்லக்கட்டி.

"இதுலதான் உங்க இருமல் ஓடப் போகுது பாருங்க" என்பாள். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல மாமாவுக்குத் துணிச்சல் இல்லை. குடிக்கவோ நாக்கு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து அதைக் குடிக்கப் பக்கத்துப் பட்டறை மச்சினன்.

"மாப்ளே, சீக்கிரம் இழு. அவளுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும்."

"பாதி வெல்லமாவது குடு மாமா!"

"வெல்லம் நோயாளிக்கு."

ஒருநாள் அவசரத்தில் குடித்து, ஈர மீசையில் பஞ்சு அப்பி, ஒரே நொடியில் கிழவனாகி வெளியே வந்தான். எதிரே அக்கா.

"என்னடா வேஷம் இது?"

"பஞ்சு... தரம் பாத்தேன்க்கா."

"மீசையாலயா?"

மாமா மூட்டை மேலேயே விழுந்து சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்தது பெரிய டம்ளர். நோய்க்குத் தகுந்த அளவு போலிருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

மாமா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் அக்கா கஷாய பிளாஸ்கோடும் வெல்லக்கட்டியோடும் வந்தாள். "இப்போ வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதும்மா" என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். அக்கா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா முழிக்கிற? மீசையில பஞ்சு ஒட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். நீயும் வெல்டிங் புகையில நிக்கிறவன்தானே, குடிச்சா குடிக்கட்டும்னுதான் பெரிய டம்ளர். மூட்டைக்குப் பின்னால நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது தெரு முனை வரைக்கும் கேக்கும். அதை எதுக்கு நான் கெடுக்கணும்?"

மாமாவின் தோள் குலுங்கியது. அது சிரிப்பா இரைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மச்சினனைக் கிட்டே வரச்சொல்லிக் கையாட்டி, கடைசியாக ஒரு வேலை சொன்னார்.

"மாப்ளே... அவ முன்னாடியே குடி. வெல்லத்தையும் நீயே எடுத்துக்க."