தலைவர் யார் என்று கேட்டபோது

சங்கத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். புல்லாங்குழல் பேண்டு சங்கத்தின் வரலாற்றை எழுதித் தாருங்கள், நேசையன் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். நல்ல ஆட்கள். நேசையனை விட்டுவிட்டு நான் எதை எழுத, பெயர்ப்பலகையையா?

நேசையன் குளச்சல் பக்கத்துக்காரர், பைப் ஃபிட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் குவைத்தில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில்தான் பேண்டைத் தொடங்கினார். ஊரிலிருந்து கொண்டுவந்த குழல்கள் முதல் கோடையிலேயே வெடித்துப்போயின. சைட்டில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் பைப்பை அறுத்து, கம்பியைக் காய்ச்சித் துளை போட்டு, எல்லோருக்கும் அவரே குழல் செய்து கொடுத்தார். மனிதர் வாய் மட்டும் ரொம்ப மோசம். "லே மரியராஜ், குழல ஊதச் சொன்னா அடுப்பையா ஊதுத?" என்று எத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கிறார். பிறகு அபுதாபியிலும் அல் ஐனிலும் நம் ஆட்கள் பேண்டு தொடங்கினார்கள். மூன்றும் சேர்ந்ததுதான் சங்கம்.

சங்கத்துக்கு அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அணிவகுத்து நிற்கும்போது யார் வந்து எது கேட்டாலும் பேண்டு மாஸ்டர் ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும்; எங்களுக்கு மாஸ்டர் அவர்தான். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஊரில் கிறிஸ்துமஸ் பவனிகளில் ஆளாளுக்கு வாய் கொடுத்து அடிதடியில் முடிந்ததை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவி தங்கபுஷ்பம் நாகர்கோவிலில் நர்ஸ். அவர் ஊருக்குப் போன இரண்டு லீவையும் சேர்த்தால் நான்கு மாதம் ஒன்றாக இருந்திருப்பார்கள். எழுபத்தாறு டிசம்பரில் அந்த அம்மாளுக்குக் குவைத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நேசையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபர்வானியாவில் ஒற்றை அறை பிடித்துத் தாமே வெள்ளையடித்தார். "இனிமே உங்க கூட மெஸ்ஸு சோறு திங்க மாட்டேன்லே" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லித் திரிந்தார்.

அவர் மனைவி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் ஒத்திகை. அந்த வாரம் முழுக்கக் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. டூட்டிக்குப் போக மாட்டோம் என்று பல அறைக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரிசையாக வாசித்தபடி கேட் பக்கம் திரும்பியதும், அவர்கள் காலி வாளிகளோடு எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கேட்டில் நின்ற காவல்காரன் அதை ஸ்டிரைக் ஊர்வலம் என்று நினைத்துவிட்டான். அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது. வாளிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். நாங்கள் அணி கலையாமல் நின்றோம், மடையர்கள்.

அதிகாரியோடு வந்தவர் ஹிந்தியில் கேட்டார், "லீடர் கோன் ஹை?"

நேசையன் ஓர் அடி முன்னால் வந்து, நான்தான் என்றார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இது பேண்டு ஐயா, ஸ்டிரைக் இல்லை, இவருக்கும் தண்ணீர் தகராறுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. சட்டத்தை மதித்துத்தான் பேசாமல் நின்றோம் என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். சட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம். எனக்கும் விசா இருந்தது.

அவர் விசாவைக் கேன்சல் செய்து, செவ்வாய்க்கிழமை பம்பாய்க்கு ஏற்றிவிட்டார்கள். இனி அவர் குவைத்துக்குள் வர முடியாது.

புதன்கிழமை தங்கபுஷ்பத்தை அழைத்துவர நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கையிலிருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"அவிய பம்பாய்லயே வந்து நின்னாவ அண்ணே. திடீர்னு லீவு கிடைச்சுதாம். 'நீ முன்னால போ, அடுத்த பிளேன்ல நான் வாறேன்'னு ஏத்திவிட்டாவ."

உண்மையைச் சொல்லியிருந்தால் மனைவி பிளேன் ஏறியிருக்க மாட்டார் என்று நேசையனுக்குத் தெரியும். அதைச் சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு; அந்த அம்மாளின் பாஸ்போர்ட் அதற்குள், அழைத்துப்போக வந்திருந்த ஆஸ்பத்திரி ஆளின் கைக்குப் போயிருந்தது.

அந்த அம்மாள் அழவில்லை.

"மொத்தம் எத்தன பேரு நின்னிய?"

"முப்பத்திரண்டு."

"அவியளச் சேத்தா?"

"சேத்துதான்."

"அப்போ முப்பத்தோரு பேரு" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வேனை நோக்கி நடந்தார்.