பார்க்காமல் போட்ட இரண்டு கையெழுத்து

விமானத்தில் பழுதுபார்த்து முடித்ததும் நிரப்பும் அந்தத் தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் முதல் பரிசோதகரின் கையெழுத்து, பக்கத்துக் கட்டத்தில் இரண்டாமவருடையது. இப்போதும் வங்கியில் யாராவது ஒரு தாளை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, போடுங்க சார்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரே இருக்கும் பெண் பாவம், பயந்துவிடுகிறாள். கோபம் அவள் மேல் இல்லை. எழுபதுகளின் நடுவில், வங்காளத்தில், தம்தம் விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் எனக்கு மேலே இருந்த சூப்பரிண்டெண்டெண்ட் மேல். அவரைவிட என் மேல்.

பெரிய ஜெட் விமானத்தை யாரும் கைபலத்தால் திருப்புவதில்லை. விமானி தன் முன்னால் இருக்கும் சக்கரத்தை இடது பக்கம் திருப்பினால், பயணிகளின் காலடியில், தளத்துக்குக் கீழே கப்பிகளின் மேல் ஓடும் எஃகு வடம் இழுபடும். அது வயிற்றுப்பகுதி வரை போய், அங்கே இருக்கும் ஹைட்ராலிக் கருவிக்குச் சேதி சொல்லும். பிறகு எண்ணெயின் அழுத்தம்தான் இறக்கையின் பின்ஓரத்தில் கீல் போட்ட கதவுபோல் இருக்கும் தகட்டைத் தள்ளும். எய்லிரான் என்போம். இடது இறக்கையில் அது மேலே எழும், வலதில் கீழே இறங்கும், விமானம் இடப்பக்கம் சாயும். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று எண்ணெய்க்கு இரண்டு தொகுதி, ஓட்டுவதற்கு இரண்டு பேர். ஆனால் வடத்தை மாற்றி மாட்டிவிட்டால் எத்தனை இரண்டு இருந்தும் பிரயோஜனமில்லை. இடது கேட்டால் வலது சாயும். விமானியின் இருக்கையிலிருந்து இறக்கை நுனி தெரியாது. தரையை விட்டு எழும்பிய பிறகுதான் அவருக்கே தெரியும். அதனால் வடத்தில் கைவைத்தால், இரண்டு பரிசோதகர்கள் தனித்தனியாக வந்து, மேலே சக்கரத்தைத் திருப்பச் சொல்லி, கீழே இறக்கையருகே நின்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

விதி தாளில் இருந்தது. எங்கள் ஹாங்கரில் இருந்த வழக்கம் வேறு. முதல் கட்டத்தில் சூப்பரிண்டெண்டெண்ட் போட்டிருந்தால் அவர் பார்த்திருப்பார் என்று இரண்டாவதில் நான் போடுவேன். நான் எப்படியும் பார்ப்பேன் என்று அவர் முன்கூட்டியே போட்டு வைப்பார். இரண்டு பேர் இருந்ததாலேயே ஒருவரும் பார்க்கவில்லை. இதில் எங்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஒருநாள் ஒரு ஜெட்டுக்கு எய்லிரான் வடத்தை மாற்றிய மெக்கானிக் மேஜ்தா. வங்காளிகள் வீட்டில் இரண்டாவது அண்ணனைக் கூப்பிடும் முறை அது. ஹாங்கரில் அதிகாரிகள் உட்பட எல்லோருக்கும் அவர் மேஜ்தாதான். ஹவுராவிலிருந்து படகிலும் பஸ்ஸிலும் வருவார். வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது தாளில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. அதில் என்னுடையது, கேன்டீனில் சிங்காரா என்கிற வங்காளச் சமோசாவைக் கடித்துக்கொண்டே போட்டது. சார்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நம்பி, அவர் வடம் ஓடும் இடத்தின் மூடியை மாட்டித் திருகாணிகளை இறுக்கினார்.

தான் தொட்ட விமானம் கிளம்பும்வரை அவர் வீட்டுக்குப் போக மாட்டார். அன்று மாலையும் ஓடுதளத்துக்குப் போகும் வழியோரம் நின்றிருந்தார். விமானி சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தபோது, விமானியோடு பேசக் காதுக்கருவி மாட்டியிருந்த தோழரிடம், "எந்தப் பக்கம்னு கேளு" என்றார். இடது என்று பதில் வந்தது. மேலே எழ வேண்டிய இடது இறக்கையின் தகடு கீழே இறங்கியிருந்தது. மேஜ்தா விமானத்தின் மூக்குக்கு நேரே ஓடிப்போய், தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே போட்டு நின்றார். உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

அலிப்பூரில் விசாரணை. வராந்தா பெஞ்சில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மேஜ்தா. சூப்பரிண்டெண்டெண்ட் அவர் தலைக்கு மேலாகத் தமிழில் என்னிடம் பேசினார். "பாத்தேன்னு சொல்லிடுப்பா. நானும் அதையேதான் சொல்லப்போறேன். நாம பாத்தப்போ சரியா இருந்தது, அப்புறம் இவன் ஏதோ நோண்டியிருக்கான், அவ்வளவுதான். இவனுக்கென்ன, யூனியன் இருக்கு." டாக்குரியாவில் புது வீடு, மனைவிக்கு ஏழாம் மாதம், உரிமம் பறிபோனால் என்ன செய்வது என்றெல்லாம் நான் கணக்குப் போட்டேன். தாய்மொழியை இதற்கா கற்றுக்கொண்டோம் என்று இப்போது வாய் கிழியக் கேட்கிறேன். அப்போது தலையாட்டினேன். இரண்டு தமிழர்கள் ஊர்க்கதை பேசுகிறோம் என்று நினைத்து, எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று மேஜ்தா சற்றுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

உள்ளே போய், பார்த்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். மேஜ்தாவுக்கு வேலை போயிற்று. தாள் அத்தனை சுத்தமாக இருக்கும்போது யூனியன் என்ன செய்யும்? சூப்பரிண்டெண்டெண்டுக்குப் பதவி உயர்வு. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை.

பல வருஷம் கழித்து மெட்ராஸ் வண்டிக்காக ஹவுராவுக்குப் போனவன், ஸ்டேஷனுக்கு வெளியே அவரைப் பார்த்தேன். பட்டறை ஒன்றில் இரும்புத்தூள் கூட்டி அள்ளும் வேலை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, பக்கத்து டீக்கடையின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து மண்குடுவையில் டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் கைக்கு லேத் இயந்திரம் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுத்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன் என்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்," என்று குரலைத் தாழ்த்தி வங்காள மொழியில் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் பாத்தப்போ சரியாத்தானே இருந்துது? அப்புறம் நான் மூடி மட்டும்தான் போட்டேன். வடத்தை எப்பத் தொட்டேன்? இத்தனை வருஷமா யோசிக்கிறேன், ஞாபகமே வரலை. அதான் இந்தக் கையை நம்பி எதையும் செய்யப் பயமா இருக்கு."

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.