நான்கு அங்குல மேடை

ஸ்கூடாயில் ஒரு துணிக்கடைக்கு எதிர்ப்பக்கச் சாலையோரத்தில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, கையில் பள்ளிக்கூட நோட்டுடன் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தால் அது பெரும்பாலும் யோகேஸ்வரியாகத்தான் இருக்கும். அவர் கடையைப் பார்ப்பதில்லை. கடையைப் பார்ப்பவர்களைப் பார்ப்பார். போகிறவர்களில் யார் தலையைத் திருப்பினார்கள், யார் நடையைக் குறைத்தார்கள், யார் நின்றார்கள், நின்றவர்களில் யார் உள்ளே போனார்கள் என்று நோட்டில் கோடு போடுவார். சரியாக ஒரு மணி நேரம். வெயில் ஏறினால் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை நிழலுக்கு நகர்வார். நோட்டை மூடமாட்டார்.

அந்தக் கண்ணாடிக்குள் நிற்கும் நான்கு பொம்மைகளுக்கும் சேலை கட்டியவர் அவரே. கடைகளின் முகப்புக் கண்ணாடியை அலங்கரிப்பது அவருடைய தொழில். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. செடெனாக் பக்கம் தோட்டத்தில் லோரி ஓட்டியவரின் மகள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றார். இரண்டாம் வாரம், பொம்மைக்கு வழக்கமாகச் சேலை கட்டுபவர் வராததால், முதலாளி அவர் கையில் ஒரு சேலையைக் கொடுத்தார்.

பொம்மையின் இடுப்பில் சேலை நிற்காது. வழவழப்பில் வழுக்கிக்கொண்டே இறங்கும். எல்லோரும் ஊசிமேல் ஊசி குத்துவார்கள், துணி கிழியும். யோகேஸ்வரி இரண்டு நாள் யோசித்து, தரைவிரிப்பு நகராமல் இருக்க அடியில் போடும் ரப்பர் வலையில் ஒரு துண்டு வெட்டி பொம்மையின் இடுப்பில் சுற்றினார். அதன்மேல் கட்டிய சேலை ஒரு மாதம் நின்றது.

அதற்குப் பிறகு வந்த கேள்வி பெரியது. அதே சேலைக்கு மாலையில் ஆட்கள் நின்று, பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். காலையிலும் நின்றார்கள், ஆனால் யாரும் வரவில்லை. ஏன்? அன்றுதான் முதன்முதலாகச் சாலையைக் கடந்து எதிரே போய் நின்றார். காலையில் நின்ற பெண்கள் எல்லோரும் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சாலையில் வெயில், கடைக்குள் கறுப்புத் திரை. கண்ணாடி அவர்கள் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. சேலை அவர்கள் கண்ணிலேயே படவில்லை. திரையை வெள்ளையாக்கி விளக்குகளை முன்னால் இழுத்தார். எதிரே போய் நிற்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

பிறகு ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பேரங்காடியின் அலங்காரப் பிரிவில் பத்தொன்பது வருடம். அங்கே அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: கண்ணாடிக்குள் சப்பாத்துடன் யாரும் ஏறக்கூடாது. வெள்ளைத் தரையில் ஒரு தடம் பட்டால் போதும், பார்ப்பவர் கண் பொம்மையை விட்டு அங்கே போய்விடும். அவருடைய கைப்பையில் எப்போதும் நான்கு ஜோடிக் காலுறை இருக்கும். மேலாளரே ஒருமுறை சட்டையும் டையுமாகக் காலுறையோடு பொம்மைகளுக்கு நடுவில் நிற்க வேண்டி வந்தது. வெளியே போன ஒருவர் அவரையும் பொம்மை என்று நினைத்து, உள்ளே வந்து அந்தச் சட்டையின் விலையைக் கேட்டுவிட்டுப் போனார்.

போன வருடம் அலங்கார வேலையைக் கோலாலம்பூர்த் தலைமை அலுவலகமே எடுத்துக்கொண்டது. யோகேஸ்வரிக்கு, வாடிக்கையாளர்கள் வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் முகப்பில் ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். விருப்பமா இல்லையா என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை, ஜொகூர் பாருவில் நடந்த மரச்சாமான் கண்காட்சியின் இரண்டாம் நாளாக அமைந்தது.

அந்தக் கண்காட்சியில் அலங்கரிக்க அவருக்கு ஒரு பூத் கிடைத்திருந்தது. கொடுத்தவர் மூவார் நகரில் நாற்காலித் தொழிற்சாலை வைத்திருக்கும் சுகுமாறன். அவருடைய நாற்காலி ரப்பர் மரத்தில் செய்தது. சாய்ந்தால் முதுகுப்பலகை ஒரு விரல் அளவு பின்னால் வளைந்து கொடுத்து, எழுந்தால் பழைய இடத்துக்கு வரும்.

“பாத்தா எல்லா நாற்காலியும் நாற்காலிதான்மா. என்னோடது உக்காந்தாதான் தெரியும். நீங்க உக்கார வச்சிருங்க, மிச்சத்த நாற்காலி பாத்துக்கும்,” என்றார்.

இந்த பூத் நன்றாக அமைந்தால், மூவாரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் தன் நண்பர்கள் இரண்டு பேரும் அடுத்த கண்காட்சிக்கு அவரையே கூப்பிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். மூன்று பூத் கையில் இருந்தால் யோகேஸ்வரி இதே தொழிலில் இருக்கலாம். இல்லாவிட்டால் முகப்பில் நின்று மற்றவர்கள் திருப்பித் தரும் கெட்டிலையும் காற்றாடியையும் வாங்கி வைக்க வேண்டியதுதான்.

மற்ற பூத்துகளில் நாற்பது நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். யோகேஸ்வரி பன்னிரண்டு மட்டும் கேட்டார். மாலை ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்து விழும் ஒரு வீட்டுக் கூடம், அதுதான் அவருடைய எண்ணம். மின்கம்பிகளை மறைக்க நான்கு அங்குல உயரத்தில் பலகை மேடை போட்டு, அதற்குக் கரும்பழுப்பு நிறத்தில் வார்னிஷ் அடித்து, இரண்டு நாள் துடைத்துத் துடைத்து மினுக்கினார். நாற்காலியின் கால் தரையில் தலைகீழாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார், தெரிந்தது. மேடையில் காலுறையோடு மட்டுமே ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார். சுகுமாறனும், அவருடைய விற்பனைப் பொறுப்பாளர் ஷர்மினியும், தொழிற்சாலை ஆட்கள் இருவரும் சொன்னபடி கேட்டார்கள்.

வியாழக்கிழமை கதவு திறந்தது. கூட்டம் வந்தது. அந்த வரிசையிலேயே அதிகம் பேர் நின்றது சுகுமாறனின் பூத் முன்னால்தான். தலையைத் திருப்பினார்கள், நடையைக் குறைத்தார்கள், கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். பிறகு பக்கத்து பூத்துக்குப் போய், அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தார். நின்றவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மேடை ஏறியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சுகுமாறனின் மைத்துனர்.

யோகேஸ்வரி பயந்தார், ஆனால் பயத்தைவிட, இது எப்படி என்ற கேள்விதான் அவரை அதிகம் குடைந்தது. பிடிக்காவிட்டால் படம் பிடிக்கமாட்டார்கள். பிடித்திருந்தால் ஏன் ஏறவில்லை? விளக்கு சூடாகத் தெரிகிறதோ என்று வெளிச்சத்தைக் குறைத்து ஒரு மணி நேரம் கோடு போட்டார். மாற்றமில்லை. நாற்காலிகள் முதுகைக் காட்டுகின்றனவோ என்று நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்தார். நின்றவர்கள் கூடினார்கள், ஏறியவர்கள் கூடவில்லை. பூச்சாடியை எடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பது அவருடைய பழைய வழக்கம். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் ஐந்து மாற்றம் செய்து பார்த்துவிட்டார்.

மண்டபத்தைக் கூட்டும் அங்கம்மா தள்ளுவண்டியோடு வந்து, பூத்தின் ஓரத்தில் நின்றார்.

“என்னம்மா, சாமி ரூம் மாதிரி கட்டி வச்சிருக்கீங்க? மத்த கடைக்கெல்லாம் உள்ள பூந்து கூட்டிட்டு வந்துர்றேன். இங்க கால வைக்கவே பயமா இருக்குலா. நீங்களே கூட்டிக்குங்க.”

அதைப் பாராட்டு என்று யோகேஸ்வரி எடுத்துக்கொண்டார். தரை அப்படி இருக்க வேண்டும் என்றுதானே துடைத்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சுகுமாறன் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் லோரியிலிருந்து இன்னும் இருபத்தெட்டு நாற்காலிகளை இறக்கி, எல்லோரையும் போல அடுக்கிவிடலாம் என்றார். பூத் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அழகைப் பார்த்து யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை என்றார். யோகேஸ்வரி இரண்டு மணி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி மேடை ஏறினார்.

யோகேஸ்வரி எதிர்ப்பக்கத் தூணருகே போய் நின்றார். நோட்டில் வேகமாகக் கோடு போட்டதில் பென்சில் கையிலிருந்து நழுவி, எதிர் பூத்தின் மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்து, முட்டி போட்டு, மேசைக்கு அடியில் தலையைவிட்டு எடுத்தார். எழுவதற்கு முன் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

அந்த உயரத்திலிருந்து முகங்கள் தெரியவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. வருகிற ஒவ்வொரு சப்பாத்தும் மேடையின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சில சப்பாத்துகள் கொஞ்சம் தயங்கி, குதிகாலைத் தூக்கி, மறுபடி இறக்கின. விளிம்பை ஒட்டி, வரிசையாக, சுத்தமாக நான்கு ஜோடி இருந்தன: சுகுமாறனின் கறுப்புச் சப்பாத்து, ஷர்மினியின் குதியுயர்ந்த செருப்பு, தொழிற்சாலை ஆட்களின் இரண்டு ஜோடி. யோகேஸ்வரியின் சொந்த ஜோடி மட்டும் அவர் காலிலேயே இருந்தது. மேடை ஏறும்போதெல்லாம் அதுவும் அந்த வரிசையில் ஐந்தாவதாகப் போய்ச் சேரும்.

உயர்ந்த தரை, மினுங்கும் பலகை, வாசலில் கழற்றி வைத்த செருப்பு. இந்த ஊரில் எந்த இனத்துக்காரர் வீடானாலும் அதைப் பார்த்தவர் என்ன செய்வார்? கழற்றிவிட்டு ஏறுவார், அல்லது வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். கயிறு கட்டிய சப்பாத்தோடு, கையில் நான்கு பையோடு, ஒரு நாளில் நூறு பூத் பார்க்க வந்தவர் எதற்குக் கழற்றப்போகிறார்? வெளிநாட்டுக்காரர்களோ உள்ளூர்க்காரர்கள் நிற்பதைப் பார்த்துத் தாங்களும் நின்றார்கள்.

பத்தொன்பது வருடமும் அவர் பார்த்தது முகங்களையும் தோள்களையும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குக் கால் தேவையில்லை. வீட்டுக் கூடம் வேண்டும் என்று கட்டினார், எல்லோரும் அதை வீடாகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

முதலில் நான்கு ஜோடியையும் எடுத்துக் கொடுத்து எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஷர்மினி நம்பவில்லை.

“அக்கா, சப்பாத்தோடயா? நேத்து நான் பேனாவ கீழ போட்டதுக்கே ஒரு பார்வ பாத்தீங்க.”

“போட்டுக்கிட்டு ஏறு. நல்லா நட. சத்தம் கேக்கட்டும்.”

மணி ஒன்று பத்து. ஒரு மணி நேரம் காத்திருந்து கோடு போட நேரமில்லை. நடைபாதையில் விரித்திருந்த சாம்பல் நிறக் கம்பளத்தில் மீதி உண்டா என்று மண்டப ஏற்பாட்டுக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுப் போனார். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு சுருள் கிடைத்தது, ஓரம் அழுக்கு. மேடையின் விளிம்பில் சரிவாக ஒரு பலகை வைத்து, நடைபாதையிலிருந்து கம்பளத்தை அதன்மேல் ஏற்றி, மேடையின் நடுவே நாற்காலிக் கால்வரை ஒட்டினார். நடைபாதைதான் கொஞ்சம் வளைந்து உள்ளே போகிறது என்று தோன்ற வேண்டும். எங்கே நடைபாதை முடிந்து எங்கே பூத் தொடங்குகிறது என்று தெரியக்கூடாது.

சாப்பிட்டுவிட்டு வந்த சுகுமாறன் குனிந்து கம்பளத்தின் அழுக்கு ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு நாள் துடைச்ச தரையில கோணிய விரிச்சிருக்கீங்க,” என்றார். பக்கத்து பூத் விற்பனைக்காரர், தண்ணீர் ஒழுகுதா என்று விசாரித்தார். யோகேஸ்வரிக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. தன் சப்பாத்தோடு கம்பளத்தில் ஏறி, அது முடியும் இடத்தில் மினுங்கும் பலகையில் காலை வைத்தார். தடம் விழுந்தது. குனிந்து துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, இன்னும் ஐந்தாறு அடி நடந்தார்.

பிறகு தூணருகே போனார்.

முதலில் வந்தவர் கைப்பேசியில் யாருடனோ இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். கம்பளத்தைப் பார்த்து நடந்தவர் அப்படியே வளைந்து உள்ளே போய், எதிரே வந்த நாற்காலியில் உட்கார்ந்து, சண்டையைத் தொடர்ந்தார். சாய்ந்தார். பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி முதுகுப்பலகையைப் பார்த்தார். மறுபடி சாய்ந்து பார்த்தார். நாற்காலி வாங்க வந்தவர் அல்ல, வண்ணப்பூச்சு விற்பவர். ஆனால் உட்கார்ந்த ஒருவரைப் பார்த்து இரண்டு பேர் ஏறினார்கள்.

லோரியிலிருந்து நாற்காலிகள் இறங்கவில்லை.

நான்கு மணிக்கு, கழுத்தில் வாங்குநர் அட்டையோடு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து பன்னிரண்டில் ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தார். ஏழாவதில் உட்கார்ந்தபடியே ஷர்மினியிடம் விலைப்பட்டியல் கேட்டார். ஒரு மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும் என்று சுகுமாறனிடம் கேட்டார். சுகுமாறன் நின்றுகொண்டே பேசினார், அவருக்கு உட்கார இடமில்லை.

நாலே முக்காலுக்குச் சுகுமாறன் தூணருகே வந்தார். மூவார் நண்பர்கள் இருவரும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இந்த அழுக்குக் கம்பளம் யாருடைய யோசனை என்று கேட்டார்களாம்.

“உங்க நம்பர கொடுத்திருக்கேன்மா. ரெண்டு பேருமே பேசுவாங்க.”

யோகேஸ்வரி கைப்பேசியை எடுத்து, முகப்பு வேலை வேண்டாம் என்று இரண்டு வரியில் பேரங்காடிக்கு எழுதி அனுப்பினார். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. சுகுமாறன் கைகொடுக்க நீட்டிய கை அப்படியே இருந்தது; யோகேஸ்வரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“இன்னும் என்ன தப்பு?”

“சப்பாத்த போட சொன்னதும் கம்பளம் போட்டதும் ஒரே நேரத்துல. எதுனால உள்ள வந்தாங்கன்னு தெரியாம போச்சு. நாளைக்கு காலைல ஒரு மணி நேரம் மட்டும் கம்பளத்த எடுத்துட்டு பாக்கலாமா?”

சுகுமாறன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“அத தொட்டீங்கன்னா நானே உங்கள லோரில ஏத்தி ஸ்கூடாய்ல விட்டுருவேன்.”

“அரை மணி நேரம்.”

சுகுமாறன் பூத்தைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்பதில் ஆட்கள் இருந்தார்கள். கால் மணி நேரம், அதுவும் கதவு திறந்ததும் கூட்டம் வருவதற்கு முன்னால் என்றார். கூட்டம் இல்லாத நேரத்தில் எண்ணினால் ஏன் ஒன்றும் தெரியாது என்று யோகேஸ்வரி விளக்க ஆரம்பித்தார்.