திட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன நாள்

அந்தக் கட்சிக்காரரின் முகம் நினைவுக்கு வந்தால் இன்றும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

ஆட்சி மாறி அதிக காலம் ஆகவில்லை. முத்துப்பேட்டைக் காயலோரம் எங்கள் குப்பம். நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி, இனி ஏழைக்கு நியாயம் கிடைக்கும் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் தை மாதம் வடக்கே வயல் ஊர்களில் கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டவர்கள் அறுப்பில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். மறித்தவர்களின் குடிசைகளை அடியாட்கள் பிரித்துப் போட்டார்கள். போலீஸ் தேடியதோ குடிசை இழந்தவர்களை.

தப்பி வந்த சில குடும்பங்களை அண்ணன் எங்கள் பாய்ப்படகில் ஏற்றி, அலையாத்திக் காட்டைத் தாண்டி, கடலை ஒட்டிக் கிடக்கும் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டார். ஆள் வசிக்காத இடம். சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிதண்ணீரும் அரிசியும் அண்ணன், அண்ணி, நான் மூவரும்தான் கொண்டுபோனோம்.

ஒருநாள் அந்த ஆளுங்கட்சிக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க தம்பி. மேலிடத்துல பேசிட்டேன். ஒருத்தர் மேலயும் கை படாது. நம்ம ஆட்சியை நம்பாம வேற யாரை நம்புவீங்க?"

அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் போலீஸ் மோட்டார் லாஞ்சு திட்டுக்குப் போனது. ஆண்களை மட்டும் கயிற்றில் பிணைத்துக் கொண்டுவந்து கரையில் தள்ளினார்கள். ஒருவருக்கு நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். கட்சிக்காரர் மிராசுதாரின் கணக்குப்பிள்ளையோடு நிழலில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். எந்தப் படகும் கிளம்பக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நேரே கட்சிக்காரர் முன்னால் போய் நின்றேன். "பொம்பளைங்களும் புள்ளைங்களும் அங்க தண்ணி இல்லாம கெடக்குறாங்க. அவங்களுக்கு என்ன வழி?"

"ரெண்டு நாள் பொறும்மா. கேட்டுட்டுச் சொல்றேன்."

வீட்டில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "எந்திரிண்ணே, பாயைக் கட்டு. நீ வரலைன்னா நானும் அண்ணியும் போறோம்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே எழுந்தார்.

வாடைக்காற்று முதுகில் தள்ளியது. அண்ணன் சுக்கான் பிடித்தார், நான் பாய்க்கயிறு, அண்ணி படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைத்தாள். திட்டில் யாரும் இல்லை, அவிந்த அடுப்பு மட்டும் கிடந்தது. பயத்தில், நீர் வற்றிய நேரம் பார்த்து நடந்தே வேறெங்கோ போயிருக்கிறார்கள். திட்டு திட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். எனக்கு வாயில் வந்ததெல்லாம் வசவுதான்.

கடைசியில், கடல் இரைச்சல் கேட்கும் ஒரு மணல்திட்டில் பிள்ளைகள் புதர் நிழலில் சுருண்டு கிடந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி கதிர் அரிவாளோடு தண்ணீருக்குள் இறங்கி மறித்தாள்.

"காட்டிக் குடுத்தது நீங்கதானே. போயிடுங்க."

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். "ஆமா தாயி, நான்தான் சொன்னேன். அந்த ஆளை நம்பிட்டேன். என்னை வெட்டணும்னா வெட்டுங்க. மொதல்ல புள்ளைங்க குடிக்கட்டும்."

அவள் வழிவிட்டாள். பிள்ளைகள் குடித்து முடிக்கும்வரை அரிவாளைக் கீழே போடவில்லை.

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் பாயை மாற்றி மாற்றி வளைத்து, கிழக்கே அண்ணியின் பிறந்த ஊரில் கரை சேர்ந்தோம். அண்ணியின் சொந்தக்காரர்கள், வீட்டுக்கு ஒரு குடும்பமாக வைத்துக்கொண்டார்கள். அந்த வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. எங்கள் படகைப் போலீஸ் எடுத்துப் போய் வெயிலில் போட்டுப் பிளக்கவிட்டது. ஆண்கள் பல மாதம் கழித்து ஜெயிலிலிருந்து வந்தார்கள். நெற்றி பிளந்தவருக்கு ஒரு கண் போயிருந்தது.

கட்சிக்காரர் பெரிய ஆளானார். வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று சிரித்தார்.

"இருக்கேன். உங்க புண்ணியத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமல் வெளியேறினேன். அண்ணன் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்தக் கோபம் தனி.