முதலில் யாரைப் பார்ப்பாய்?

நர்சிங் லைசென்ஸ் பரீட்சையில் நான் இரண்டு முறை தோற்றதற்குக் காரணம் என் நல்ல பழக்கம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. படிக்காமல் தோற்றவள் சொல்கிற சாக்கு என்றுதான் நினைப்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் வேலை பார்த்ததில், எது நடந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று எனக்கு ஊறிப்போயிருந்தது. காய்ச்சல் ஏறினால் சொல்வேன். இறங்கினாலும் சொல்வேன். நோயாளியின் சொந்தக்காரர் முறைத்துப் பார்த்தாலும் சொல்வேன். சொல்லாமல் ஒரே ஒரு பாராசிட்டமால் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் விரல் தானாகவே போனைத் தேடும்.

கல்ஃப் போவதற்கான அந்தப் பரீட்சை வேறு மாதிரி. கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வரும், கீழே நான்கு விடை இருக்கும். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கில் ஒன்று, டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் பஸ் வந்து நின்ற மாதிரி. மற்ற மூன்றையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கேள்வி எழுதியவர்களின் எண்ணமோ, நர்ஸுக்கும் கண்ணும் கையும் மூளையும் உண்டு, முதலில் ஆளைப் பார், தலைமாட்டை உயர்த்து, ஆக்சிஜன் வை, டாக்டரைப் பிறகு கூப்பிடலாம் என்பது. நான் விண்ணப்பித்திருந்த நாட்டில் மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இரண்டை நான் டாக்டர்களுக்கே தாரை வார்த்திருந்தேன்.

மூன்றாவதும் போனால் என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே ஏசி மெக்கானிக். அவர் சம்பளத்துக்குக் குடும்ப விசா தரமாட்டார்கள். நான் நர்ஸாகப் போனால் மட்டுமே இருவரும் ஒரே வீட்டில் இருக்க முடியும். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் மூன்று முறை லீவில் வந்திருந்தார். அவருக்குத் தேங்காய்த் துவையல் பிடிக்காது என்பதே எனக்கு மூன்றாவது லீவில்தான் தெரிந்தது. புருஷன் குறட்டை விடுவாரா என்று ஒருநாள் ஆஸ்பத்திரியில் பேச்சுவாக்கில் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் சட்டென்று சொன்னார்கள். நான் யோசித்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது.

என் வியாதியைக் கண்டுபிடித்தவள் என்னோடு வேலை பார்த்த தேங்காய்ப்பட்டணத்துத் தோழி. அவள் முதல் முறையே பாஸாகி விசாவுக்குக் காத்திருந்தாள். நான் போட்ட விடைகளை ஒரு மத்தியானம் வரிசையாகப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"ஏட்டி, நீ பரீட்சை எழுதல. டூட்டி பாக்குத," என்றாள். "தெனமும் அம்பது கேள்வி சத்தம் போட்டு வாசி. முன்னால ஒரு ஆளை இருத்து. டாக்டர்னு சொன்னா ஒன் மண்டையில கொட்டணும். ஒன்னப் பாத்துப் பேடிக்காத ஆளா வேணும், கேட்டியா."

என்னைப் பார்த்துப் பயப்படாத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். என் மாமி, என் வீட்டுக்காரரைப் பெற்ற அம்மா. இரணியலில் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். மாமி ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு முப்பது வருடம் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்புத் தரம் பிரித்தவர். இங்கிலீஷில் ஏ, பி, சி, டி மட்டும் தெரியும். சரியான விடையின் எழுத்து மட்டும் இருக்கும் விடைத்தாளுக்கு அது போதும். நான் கேள்வியை வாசித்துத் தமிழில் சொல்லி விடை சொல்வேன். மாமி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டு விடைத்தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"டாக்டரிடம் சொல்வது," என்பேன்.

"டாக்டருக்கு வேற சோலி இல்லியா?" என்பார். முதல் வாரம் முழுக்க வீட்டில் இந்தச் சத்தம்தான்.

போகப்போக மாமிக்குக் கேள்விகளில் ருசி தட்டிவிட்டது. நான்கு விடையையும் தமிழில் சொன்னதும், "இந்த நாலுல ரெண்டு சொத்தை. அதை மொதல்ல தள்ளு, பொறவு மிச்சத்தைப் பாரு," என்பார். அவர் சொத்தை என்று தள்ளியது பெரும்பாலும் சொத்தையாகத்தான் இருந்தது. நான்கு வருடம் காலேஜில் படித்த எனக்கு இது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அதைவிட மோசம், நோயாளிகள் மேல் அவருக்குப் பாசம் வந்துவிட்டது. கேள்வி முடிந்து அடுத்ததற்குப் போனால் விடமாட்டார். "அந்தப் பிள்ளத்தாச்சிக்கு ரத்தம் போச்சே, நின்னுதா? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" அது வெறும் கேள்வி மாமி, அதற்கு மேல் புத்தகத்தில் இல்லை என்றால், "என்ன புத்தகம் எழுதிருக்கானுவ," என்று எரிச்சல்படுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு கேட்டபோது, எழுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் இடுப்பு ஆப்பரேஷன் முடிந்து கிடக்கிறார், அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று மாமி எழுந்து சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று பாஸ்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நூற்றுப்பதினெட்டாம் கேள்வியில் கிடந்தார்.

மாமிக்குப் பிடிக்காத கேள்வி ஒரு வகைதான். நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள், முதலில் யாரைப் பார்ப்பாய்? மூச்சுத்திணறல்காரரை முதலில், சத்தமில்லாமல் கிடப்பவரைக் கடைசியில் என்று நான் சொன்னால் அவருக்கு மனசு கேட்காது.

"பாவம், ஒண்ணும் மிண்டாம கெடக்கான். அதுக்காக அவனைக் கடைசியிலயா பாக்குது?"

"அவன் ஸ்டேபிள் மாமி."

"ஸ்டேபிள்னா?"

"இப்போதைக்கு அவனுக்கு ஒண்ணும் இல்ல. நாம திரும்பி வாறது வரைக்கும் தாக்குப்பிடிப்பான்."

மாமி அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். காலையில் அடுப்பில் பால் பொங்கும், வாசலில் இனயத்திலிருந்து வரும் மீன்காரர் ஹாரன் அடிப்பார், உள்ளே போன் அலறும். "பாலை மொதல்ல எறக்கு மக்ளே! மீன்காரன் ஸ்டேபிள்!" என்று கத்துவார். தன்னைப் பற்றி என்ன பேச்சு என்று மீன்காரர் ஒருநாள் என்னிடம் சந்தேகமாகக் கேட்டார். நல்ல வார்த்தைதான் அண்ணே என்றேன்.

பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல உட்கார்ந்தோம். நான் முதல் கேள்வியைச் சொன்னேன். மாமி "சி" என்றார். நான் இன்னும் விடையே சொல்லவில்லை. அடுத்த கேள்விக்கும் "சி". மாமி, விளையாடாதீங்க, எனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு என்று சிடுசிடுத்தேன். அப்போதுதான் விடைத்தாளைப் பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை, தாள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. கண் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எங்கோ பார்த்தது.

ஏழு வருடம் நர்ஸாக இருந்த நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? போனை எடுத்து எங்கள் டாக்டர் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்க ஆரம்பித்தது. எதிரே ஒரு ஆள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாமி உதட்டைக் குவித்து, வார்த்தை வார்த்தையாக, "டாக்டருக்கு… வேற… சோலி இல்லியா," என்றார்.

போனைக் கட்டிலில் எறிந்தேன். மாமிக்குச் சுகர் வியாதி உண்டு. விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பதுக்கும் கீழே. சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டு வந்து வாயருகே வைத்தேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. என் பரீட்சைக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார். நான் டூட்டிக்குப் போகும் நாளெல்லாம் தெரியாமல் நடந்திருக்கிறது. இன்று எனக்கு லீவு, காலையிலேயே சாப்பிட்டுவிட்டதாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

"சுகர் மாத்திரை?"

"அதை முழுங்கினேன். மாத்திரை என்ன சாப்பாடா?"

வெறும் வயிற்றில், என்னைப்போல ஒரு நர்ஸ் இருக்கிற வீட்டில். எனக்கு வந்த கோபத்தில் சீனித் தண்ணீர் தளும்பியது.

"குடியுங்க மாமி!"

"சாயங்காலம்வரைன்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பாதியில விட்டா ஒனக்குத்தான் கேடு."

"ஆண்டவருக்கு ஒங்க சுகர் தெரியும். இதைக் குடிக்கலேன்னா நான் திங்கக்கிழமை போவமாட்டேன். ஒங்க மவன் அங்கயே கெடக்கட்டும்!"

மாமி குடித்தார். சீனி கொடுத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமியின் கையை நான் விடவில்லை. பத்தாவது நிமிடத்தில் அவருக்கு நிறம் வந்தது. "சும்ம இருக்க நேரத்துல ரெண்டு கேள்வி சொல்லு," என்றார். மறுபடி குத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. கஞ்சியும் பயறும் கொடுத்துச் சாப்பிட வைத்தபிறகு போன் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கேன் சிஸ்டர்," என்றார் டாக்டர். "நீங்க செய்ததுல ஒண்ணும் கொறையில்ல. நாளைக்கு மாமியைக் கூட்டிட்டு வாங்க, மாத்திரையைக் கொறைக்கணும். உபவாசத்தை நான் பேசிக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். பயம் ஒரு பாதி. மறுபாதி வேறு. நான் பாஸாகிப் போய்விட்டால், இப்படி ஒரு மத்தியானத்தில் இந்த வீட்டில் யார் இருப்பார்? ஐந்து வருடத்தில் நான் அதிகம் சேர்ந்து வாழ்ந்த ஆள் என் புருஷன் இல்லை, இவர்தான். இவருக்குக் குறட்டை உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் வீடியோ காலில் வீட்டுக்காரரிடம், நான் பரீட்சைக்குப் போகவில்லை என்றேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மாமிதான் போனைப் பிடுங்கி, "அவ போவா. நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிக் கட் பண்ணினார்.

திங்கட்கிழமை இரணியலில் இருந்து ரயிலில் திருவனந்தபுரம் போனேன். வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது என்று பாறசாலை வரை ஒரு யோசனை ஓடியது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் கேள்வியில் டாக்டருக்குத் தெரிவிக்கவும் என்ற விடையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற பெண் என்னை முறைத்தாள். அதன்பிறகு தப்பாகப் போட என்னால் முடியவில்லை. சொத்தைகளைத் தள்ளினேன், மிச்சத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து பாஸ் என்று மெயில் வந்தது.

விசா வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் பாடம் எடுத்தது நான்தான், உட்கார்ந்தது மாமி. விரலில் தானே குத்திப் பார்க்க, நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப, வியர்த்தால் சீனிதான் முதலில், அதற்குப் பிறகு அடுத்த வீட்டு அக்காவுக்குப் போன் என்று சொல்ல. அக்காவிடமும் ஒரு சாவி கொடுத்தோம். மாமி ஒரு நாள்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னால் நான் போகாமல் இருந்துவிடலாமே என்று எனக்குள் ஒரு அற்ப ஆசை இருந்தது, அதையும் மறைக்கவில்லை. இப்போது நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கும் குறட்டை உண்டு.

கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. என் அம்மா விசும்பிக்கொண்டிருந்தாள், தோழி பெட்டியை ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தினாள், டிரைவர் ஹாரன் அடித்தார். மாமி எல்லாருக்கும் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றார். நான் மற்றவர்களை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் போய்க் கட்டிப்பிடித்தேன்.

மாமி என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"இத்தனை கேள்வி படிச்சும் ஒனக்கு ஒண்ணும் மனசிலாவலியா மக்ளே? என்னை எதுக்கு மொதல்ல பாக்குத? நான் ஸ்டேபிள். நீங்க ரெண்டுபேரும் திரும்பி வாறது வரைக்கும் தாக்குப்பிடிப்பேன்."