ஒன்பதாவது மாடம்

வீட்டில் பொம்மை ரயில் விடும் பெரியவர்கள் குகைக்குள் கறுப்புத் துணியை ஒட்டிவிட்டு, மலைமேல் மரம் நடப் போய்விடுவார்கள். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்? தென்னூர் பல் டாக்டர் கலீமும் அப்படித்தான் செய்திருந்தார். பிறகு ஆசை தாங்காமல் இஞ்சின் மூக்கில் நகமளவு கேமரா ஒன்றைப் பொருத்தினார். செல்போனில் ஸ்டேஷன் வந்தது, பாலம் வந்தது, குகைக்குள் நுழைந்ததும் கறுப்புத் துணி வந்தது. டாக்டருக்கு மனசு விட்டுப்போயிற்று.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் லிசிதான் வழி சொன்னாள். "எங்க செல்லக்கண்ணு அண்ணனைக் கூப்பிடுங்க டாக்டர். இருபது வருஷம் மலைக்குகையில லைன் பாத்தவங்க. எங்க வீட்டுக்காரரும் அவங்களும் ஒரே கேங்கு."

அவள் வீட்டுக்காரர் சகாயநாதன் பதினோரு வருடங்களுக்கு முன் அந்தக் குகைக்குள் ரயில் அடித்து இறந்தவர். கால் வழுக்கி விழுந்தார் என்று விசாரணையில் முடிவானது. ஆமாம் என்று முதலில் தலையாட்டியவர் செல்லக்கண்ணு.

ரிட்டையராகி அரியமங்கலத்தில் இருக்கும் செல்லக்கண்ணு, குகைப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர். ஆனால் லிசி கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. அவள் மகனுக்கு வாரிசு வேலை கிடைக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவரும் அவர்தான். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பாசமும் இருந்தது.

கிளினிக் மாடியறையில் செல்லக்கண்ணு வேலையைத் தொடங்கினார். பல் அச்செடுக்கும் மாவில் சுவர்களை வார்த்தார். டாக்டரின் பழைய ஊசியால் கல் கல்லாகக் கீறினார். கூரையில் சிம்னி விளக்கின் கரியைப் பிடித்துப் புகையேற்றினார். தண்ணீர் கசிந்த தடத்துக்கு டிகாஷன். எட்டடி நீளத்துக்குக் குகையைக் குறுக்கினாலும், ஆள் ஒதுங்கும் மாடங்களை மட்டும் குறைக்கவில்லை, பன்னிரண்டும் இருந்தன. ரயில் வரும்போது லைன்மேல் இருப்பவன் அந்த மாடத்துக்குள் புகுந்து சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இருட்டில் கண்ணுக்குப் படுவதற்காக ஒவ்வொன்றின் விளிம்பிலும் மழைக்காலத்துக்கு முன்பே சுண்ணாம்பு அடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரயிலை ஓட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"என்னண்ணே, ஈரவாடையே அடிக்குது! ஆனா நடுவுல ஒரு பல்லு விழுந்திருக்கே. ஒம்போதாவது. வெள்ளை விட்டுப்போச்சு."

"பாக்குறேன் டாக்டர்."

"ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்க வராங்க. சிரிப்பானுங்க. ஒரு பொட்டு வச்சாப் போதும்."

ஒரு பொட்டுதான். பதினோரு வருடங்களுக்கு முன்பும் ஒரு வாளிதான். முதல் எட்டும் முந்தின நாளே முடிந்திருந்தது; அன்று மறுமுனையிலிருந்து பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று அடித்துக்கொண்டு ஒன்பதாவது மாடத்துக்கு வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே அடித்த பத்தாவதைத் தாண்டி வெளியே போய்க் கரைத்துவர வேண்டும். நாளைக்கு அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரியிடம், "முடிஞ்சுதுங்க" என்றார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் சகாயநாதன் ஒன்பதாவதைக் கடந்து, தூரத்தில் வெளுப்பாகத் தெரிந்த பத்தாவதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது ரயில் அவரைப் பிடித்தது.

சனிக்கிழமை செல்லக்கண்ணு தூரிகையை மூன்று முறை வெள்ளையில் தோய்த்தார், மூன்று முறை கழுவினார். உள்ளதை உள்ளபடி செய்பவர் என்ற பெயர் அதற்குள் கிளினிக் முழுக்கப் பரவியிருந்தது.

நோயாளிகள் குறைந்த வேளையில் லிசி மாடிக்கு வந்தாள். செல்போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். ரயில் உள்ளே போயிற்று. அவள் உதடு எண்ணியது.

"அண்ணே, அவரு விழுந்தது ஒம்போதுக்கும் பத்துக்கும் நடுவுலன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"ஒம்போது ஏன் இருட்டா இருக்கு?"

செல்லக்கண்ணு இரண்டு கையாலும் மலையைத் தூக்கித் தரையில் வைத்தார். தடம்புரண்ட பெட்டியை எடுப்பதற்காகக் கழற்றும்படி செய்யப்பட்ட மலை அது. குகை திறந்து கிடந்தது.

"இதுக்கு நான் சுண்ணாம்பு அடிக்கல லிசி. அடிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அவன் வழுக்கி விழல. இது இங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியல."

அறைவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல குடுத்த பூட்ஸ் கடிக்குதுன்னு, சிங்காரத்தோப்புல நான்தான் வேற வாங்கிக் குடுத்தேன்" என்றாள். "அடிப்பாகம் வழவழன்னு இருந்துச்சு. பதினோரு வருஷமா அந்தச் செருப்புக்கடை தெருவுல நான் நடக்கறதில்ல."

அவருக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கப் போனால் தானும் சொல்ல வேண்டிவரும் என்று கேட்காமலே இருந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். "எங்க வீட்டுல சாப்பிட்டீங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்."

கீழே யாரோ, "டோக்கன் எங்கம்மா?" என்று குரல் கொடுத்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படியில் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள்.

"அதுக்கு வெள்ளை அடிக்காதீங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

ஞாயிறன்று கூட்டாளிகள் வந்தார்கள், எண்ணினார்கள், சிரித்தார்கள். டாக்டர் தூரிகையை நீட்டினார். உள்ளது அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, செல்லக்கண்ணு மலையை எடுத்து மூடினார்.