கையால் போட்ட திருத்தம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் சர்வர் அக்கா. பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கண் நோயாளிகள் நாளும் நேரமும் பதிந்துகொள்ளும் இணையப் பக்கம் பன்னிரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே ஒரே சர்வர் மெஷினில் ஓடியது. அது படுத்துக்கொண்டால் எழுப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்ததே கிடையாது. சொந்தக் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்கு வந்தவள் என்று கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

இந்த முறை பத்து நாள் கேட்டிருந்தாள். வெளியூரில் தங்கைக்குப் பிரசவம். தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. மேலாளர் லீவு தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பக்கத்தை கிளவுடுக்கு மாத்திடுங்க. உங்க கை படாம தன்னால நிக்குதுன்னு வியாழக்கிழமை நாலு மணிக்குக் காட்டுங்க. அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன். வெள்ளிக்கிழமை கிளம்புங்க."

கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில், இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கருவி உண்டு. பக்கத்தின் மூன்று பிரதிகளை ஓடவிடும். ஒன்று விழுந்தால் அதை எறிந்துவிட்டு, எழுதிக்கொடுத்த கோப்பைப் பார்த்துப் புதிதாக ஒன்றை எழுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து அது எழுப்பியதையெல்லாம் அதுவே கொன்றுகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் "தயாராக இல்லை" என்று ஒரு வரி. அதற்கு மேல் வாயைத் திறக்காது.

"யாரு தயாரா இல்ல? நீயா, நானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். மூன்று பெட்டி உள்ள ஒரு பக்கம். பேர், நாள், நேரம். இதற்கு இத்தனை பாடா என்று அழுகையே வந்தது.

சாப்பிடாமல் உட்கார்ந்து தோண்டியதில் ஒரு மணிக்குக் காரணம் பிடிபட்டது. பக்கம் எழுந்து டாக்டர்களின் பட்டியலைப் படித்து முடிக்க ஐம்பது வினாடி ஆகும். கருவியோ முப்பதாவது வினாடியில் உயிர் இருக்கிறதா என்று கேட்டு, பதில் வராததால் தீர்த்துக்கட்டிவிட்டது. கோப்பில் முப்பதைத் தொண்ணூறாக்கினாள். மூன்றும் நின்றன.

நின்ற பக்கத்தில் காலை ஒன்பது மணி என்று இருக்க வேண்டியதெல்லாம் விடியற்காலை மூன்றரை மணி என்று தெரிந்தது. கிளவுடின் கடிகாரம் எந்த ஊருடையதோ. மணி மூன்றே முக்கால். சர்வர் அக்கா பழைய மெஷினில் எதைச் செய்வாளோ அதையே செய்தாள். ஓடிக்கொண்டிருந்த பிரதிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, கையால் திருத்திவிட்டு வெளியே வந்தாள். கோப்பைத் தொடவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா?

நாலு மணிக்கு மேலாளர் தாளும் பேனாவுமாக வந்தார். பக்கத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "ஒண்ணு விழுந்தா எழுந்துக்குமா? மூணையும் தள்ளி விடுங்க, பார்க்கலாம்."

தள்ளினாள். தட்டிய விரலை எடுப்பதற்குள்தான் கோப்பைத் தொடாதது நினைவுக்கு வந்தது. ஒன்றரை நிமிடத்தில் மூன்றும் எழுந்தன. விடியற்காலை மூன்றரை மணி என்று காட்டின.

"கோப்புல ஒரு வரி எழுத விட்டுட்டேன் சார். அஞ்சு நிமிஷம் கொடுங்க."

"அந்த வரி சரி. இது மாதிரி கையால பண்ணிட்டு எழுதாம விட்டது இன்னும் எத்தனை இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. "தெரியலை சார்" என்றாள். மேலாளர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "லீவை அடுத்த மாசம் பார்க்கலாம்மா."

அவர் போன பிறகு அந்த ஒரு வரியை எழுதினாள். மூன்றையும் தானே தள்ளிவிட்டாள். மூன்றும் சரியான நேரத்தோடு எழுந்தன. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது, எல்லாம் தன்மேல்.

ஆறு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு எந்த வண்டி? என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு அனுப்பணும்."

"அவரை எங்கேயும் அனுப்பாதடி," என்றாள் அக்கா. "உன் பக்கத்துலயே இருக்கச் சொல்லு."